எச்சில் படாத சொல்

செவ்வாய்க்கிழமை காலை அரசி மிதந்துபோய் ஓட்டுக்கூரையில் ஒட்டிக்கொண்டாள். அவளைத் தரையில் நிறுத்தியிருந்த இயற்பியல் என்ற சொல் காலாவதியாகிவிட்டது. இருபது வருடம் பள்ளியில் சொல்லிச் சொல்லித் தேய்த்திருந்தாள். பழைய பாடத்திட்டத்தில் பௌதிகம் படித்தவர் என்பதால் கணவர் தணிகாசலம் தரையிலேயே இருந்தார்.

"ஓடு நகருது," என்றாள் அரசி. "சாயங்காலத்துக்குள்ள வேற சொல் வாங்கிட்டு வாங்க."

சொல் வழங்கும் அலுவலகத்தில் நடக்க நடக்கத் தாழ்வாரம் நீண்டது. தணிகாசலம் பொருட்படுத்தவில்லை. அவருக்குப் பொறுக்காதது ஒன்றே ஒன்றுதான்: எச்சில். சொந்த வீட்டு டம்ளரிலேயே வாய் வைக்காமல் அண்ணாந்து குடிக்கிற மனிதர்.

ஊறுகாய் ஜாடிகளுக்குப் பின்னால் ஓர் அம்மாள் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"இயற்பியலுக்குத் தமிழ்ல இருப்பு இல்ல சார். சீனத்து வூலி இருக்கு, ரெண்டு பேரு மென்னது. ஜெர்மன் பிஸிக் கனம் தாங்காது. வீட்டம்மா எத்தனை கிலோ?"

"அறுபத்தெட்டு."

"அப்ப ஐஸ்லாந்துதான். எத்லிஸ்ஃப்ரைதி."

ஜாடியிலிருந்து எடுத்துத் தன் வாயில் போட்டு, இரண்டு கன்னத்திலும் ஒதுக்கிப் பார்த்தார். "கெடல," என்று நாக்கை நீட்டினார். நாக்கில் சொல் கொழகொழவென்று கிடந்தது. ஓரத்தில் ஒரு பாக்குத்துண்டு. தணிகாசலம் ஓரடி பின்வாங்கினார்.

"வாயால வாங்கிக்குங்க. கையில பட்டா செத்துரும்."

"மேலேருந்து போடுங்க," என்று அண்ணாந்தார்.

"எச்சில் ஒட்டினாத்தான் சார் சொல்லு நிக்கும்."

"வேண்டாம். போடுங்க."

அம்மாள் முக்காலி மேல் ஏறிப் போட்டார். சொல் பல்லில்கூடப் படாமல் வயிற்றுக்குப் போய்விட்டது.

வீட்டில் நான்கு ஓடுகள் இல்லை. அரசியின் தலை வெளியே இருந்தது. தணிகாசலம் மேசைமேல் ஏறி வாயைத் திறந்தார். ஏப்பம்தான் வந்தது.

அரசி சிரமப்பட்டுத் தலையை உள்ளே இழுத்து அவர் முகத்தருகே கொண்டுவந்தாள்.

"உங்க பௌதிகத்துல பாதி கடிச்சுக் குடுங்க. போதும்."

"எச்சில்," என்றார் தணிகாசலம்.

"கல்யாணத்தன்னைக்கும் இதத்தான் சொன்னீங்க."

அவள் பற்றியிருந்த கூரைச் சட்டத்திலிருந்து கையை விட்டாள். தோள் போயிற்று, இடுப்பு போயிற்று, கடைசியில் இரண்டு பாதங்களும் போயின. ஓட்டை வழியே வானம் தெரிந்தது.

தணிகாசலத்துக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அண்ணாந்து காறித் துப்பினார். அவருடைய பௌதிகத்தில் ஒரு குறையும் இல்லை. எச்சில் மூஞ்சியிலேயே வந்து விழுந்தது. அவர் துடைக்கவில்லை.