கூலிங் கிளாஸ் போட்டுப் பார்த்த சூரியன்

கல்லில் தோசை கருகுவதைக்கூடக் கவனிக்காமல் வேல்விழி புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் மழிக்க உட்கார்ந்த முத்துப்பாண்டி கண்ணாடியைத் துடைப்பதும் பார்ப்பதும் மறுபடி துடைப்பதுமாக இருந்தான். கண்ணாடியில் கறை எதுவும் இல்லை. இடது கண்ணைப் பொத்திக்கொண்டால் காது தெரிகிறது, தோள் தெரிகிறது, நடுவில் முகம் மட்டும் இல்லை என்றான். அப்படியே திரும்பி அவளைப் பார்த்தான். அவள் முகமும் இல்லை.

சிவகாசியில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அச்சடிக்கும் கம்பெனியில் அவன் போட்டோகிராபர். முதலாளி லட்சுமிகாந்தம், புதிதாக வரும் ஒரு வெடிக்குச் சூரியன் படம் போட்டுத் தர ஆர்டர் பிடித்திருந்தார். வரைந்த சூரியன் வேண்டாம், உச்சிவெயிலில் உருண்டையாக நிஜச் சூரியனே வேண்டும் என்று பிடிவாதம். லென்சுக்கு முன்னால் மாட்டுகிற சூரிய ஃபில்டர் இல்லாமல் கேமராவைச் சூரியனுக்கு நேரே திருப்பக் கூடாது, மெட்ராசிலிருந்து வரவழைத்துத் தாருங்கள் என்று முத்துப்பாண்டி கேட்டிருக்கிறான். அது வருவதற்குள் தீபாவளியே முடிந்துவிடும் என்று சீறிய முதலாளி, முந்தின நாள் தன் கூலிங் கிளாஸைக் கழற்றிக் கொடுத்து மொட்டைமாடிக்கு விரட்டினார். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் அதைப் போட்டுக்கொண்டு, பெரிய லென்ஸ் வழியாக அவன் சூரியனைப் பார்த்தான். கூசியது, வலிக்கவில்லை. வலித்திருந்தால் கண்ணை எடுத்திருப்பான்.

பூதக்கண்ணாடி வெயிலைக் குவித்துக் காகிதத்தைப் பொசுக்குவதுபோல அந்த லென்ஸ் விழித்திரையைப் பொசுக்கிவிட்டது என்றார் மதுரைக் கண் டாக்டர். கூலிங் கிளாஸ் கூச்சத்தைத்தான் குறைக்கும், சூரியனைத் தடுக்காது. இதற்கு மருந்து கிடையாது. கொஞ்சம் தேறலாம், முழுப் பார்வை திரும்புமென்று சொல்வதற்கில்லை.

ஊர் திரும்பும் பஸ்சில் முதலாளியின் போன் வந்தது. கேமராவுக்குள்ளே ஷட்டர் கருகிக் கிடக்கிறதாம். என்னலே பண்ணித் தொலைச்ச என்று அவர் கத்தியது பக்கத்தில் இருந்த வேல்விழிக்கும் கேட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனவனின் கண்ணைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் அவள் தான் வேலைசெய்யும் தீப்பெட்டி ஆபீஸ் வேனில் ஏறவில்லை. நேரே லேபிள் கம்பெனிக்குப் போனாள். மொட்டைமாடியில், விருதுநகர் ஸ்டுடியோ ஒன்றிலிருந்து கூட்டிவந்த பாலகுரு வேறொரு கேமராவை ஸ்டாண்டில் பூட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்ற முதலாளி அதே கூலிங் கிளாஸை அவனிடம் நீட்டினார். வேல்விழி பாய்ந்துபோய்ப் பிடுங்கினாள்.

"இதப் போட்டுப் பாத்துத்தான் எம் புருசனுக்குக் கண்ணு போச்சு."

முதலாளிக்கு முகம் சிவந்தது. "அவனுக்குப் பாக்கத் தெரியல. அதுக்கு நானா பொறுப்பு? அவனவன் கண்ண அவனவன்தான் பாத்துக்கிடணும்."

"சரி, அண்ணாச்சி. ஒங்க கண்ணாடிதான, நீங்களே போட்டுக்கிட்டு இந்த கேமரா வழியா ஒரு தடவ சூரியனப் பாருங்க. ஒண்ணும் ஆகாட்டி நான் கும்பிட்டுட்டுப் போயிருறேன்."

கண்ணாடியை அவர் நெஞ்சுக்கு நேரே நீட்டினாள். லேபிள் கட்டிக்கொண்டிருந்தவர்கள் படியேறி வந்து நின்றார்கள். லட்சுமிகாந்தம் கையை நீட்டினார், பாதியிலே நிறுத்தினார், பிறகு வேட்டியைச் சரிசெய்வதுபோல இறக்கிக்கொண்டார். தனக்கென்று வரும்போது மட்டும் அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

பாலகுரு லென்சை மூடி போட்டு மூடினான். ஃபில்டர் வந்த பிறகு ஆள் அனுப்புங்கள், அதுவரை கேமராவைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டு ஸ்டாண்டை மடக்கினான்.

அந்த வாரமே மெட்ராசிலிருந்து பஸ் பார்சலில் ஃபில்டர் வந்து சேர்ந்தது. பாலகுரு அதில் ஓட்டை, கீறல் இல்லையென்று பார்த்து, லென்சுக்கு முன்னால் இறுக மாட்டி, அதற்குப் பிறகே கேமராவைச் சூரியன் பக்கம் திருப்பினான். காப்பி ஆறுவதற்குள் படம் எடுத்து முடித்துவிட்டான். முத்துப்பாண்டியின் வலது கண்ணில் இருட்டு அப்படியேதான் இருந்தது.

புருஷனுக்கு வரவேண்டிய சம்பளத்தை வாங்க வந்த வேல்விழி இதைக் கேட்டு வாசலிலே நின்றுவிட்டாள். உள்ளே முதலாளி காதில் விழும்படி, வேலைசெய்கிறவர்களைப் பார்த்துச் சொன்னாள்:

"இம்புட்டு லேசா வர்ற சாமான, ஒருத்தர் கண்ணு போன பெறகா வாங்குறது? பாதுகாப்புக்கு வேணுங்கிறத மொதல்ல கேளுங்க. குடுக்காட்டி எந்த மொதலாளி சொன்னாலும் அந்த வேலையத் தொடாதீக. பயந்துக்கிட்டுத் தலையாட்டுனாக எங்க வீட்டுல. இன்னைக்கு எம் மூஞ்சி அவுகளுக்கு நேராத் தெரியல."