வௌவாலின் பல்லும் ஓநாயின் பல்லும்

ராய்ஸ் வந்ததும் வராததுமாக மேசையிலிருந்த தன் பகடைகளைப் பொறுக்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான். ஆளுக்கொரு கதாபாத்திரமாகிப் பகடை உருட்டி ஆடும் அந்தச் சாகச ஆட்டத்துக்குக் கதைசொல்லியும் நடுவரும் மார்லிஸ்தான். போன ஞாயிறு ஆட்டத்தில் அவனுடைய வீரன் செத்துப்போனான். புதிதாக ஒரு கதாபாத்திரத்தை உருவாக்கிக்கொள் என்று அவள் சொன்னதற்கு "பார்க்கலாம்" என்றான். விஸ்கான்சின் பனியில் ஒருவன் "பார்க்கலாம்" என்றால் வரமாட்டான் என்றுதான் பொருள். அவனும் போனால் மிஞ்சுவது டெல்மர் ஒருவன். ஒற்றை ஆளை வைத்துக்கொண்டு அவள் யாருக்குக் கதை சொல்வாள், யாருக்குத் தீர்ப்புச் சொல்வாள்?

டெல்மரின் வனமந்திரவாதி குகைக்குள் ஒரு கல்பேயிடம் சிக்கியிருந்தான். மந்திரம் பட்டால்தான் அதற்கு வலிக்கும். டெல்மர் மந்திரம் போட்டு ஓநாய்களை வரவழைத்துப் பகடையை உருட்டினான்.

"பதினெட்டு! கடிச்சாச்சு!"

"கடிச்சது சரி. அதுக்கு ஒறைக்குமா?" என்றாள் மார்லிஸ்.

"என்ன கேள்வி இது? காத்துலேர்ந்து குதிச்ச ஓநாய். பல்லு மட்டும் கடையில வாங்கினதா?"

அவள் விதிப்புத்தகத்தைப் புரட்டினாள். வரவழைப்பது மந்திரம் என்று இருந்தது. வந்தது கடித்தால் அதுவும் மந்திரமா என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

"செல்லாது," என்றான் ராய்ஸ், வறுத்த பாலாடைக்கட்டியை மென்றபடி.

"உன்ன யாரு கேட்டா? நீதான் செத்துட்டியே!" என்றான் டெல்மர்.

"செத்ததாலதான்டா பேசறேன். போன ஆட்டத்துல சூனியக்காரி வரவழைச்ச வௌவால் என்னைக் கடிச்சப்ப, என் போர்வை மந்திர அடியத் தடுக்கும்னு கத்தினேன். இவ என்ன சொன்னா? கூப்பிட்டதுதான் மந்திரம், பல்லு வெறும் பல்லுன்னா. இப்ப ஓநாய்க்கு மட்டும் வேற பல்லா?"

எதிரிக்குச் சொன்ன தீர்ப்பு நமக்கும் உண்டு என்பது அந்த மேசையின் வழக்கம். அதன்படி பார்த்தால் ஓநாய் கடித்தும் பேய்க்கு வலிக்காது, டெல்மரும் சாவான், ஆட்டமே முடிந்துவிடும். ஓநாய்க்கு மட்டும் சலுகை காட்டினால் ராய்ஸ் எழுந்து போவான். அது நியாயமாகவும் இருக்கும்.

மார்லிஸ் புத்தகத்தை மூடினாள். மந்திரம் கலைந்தால் ஓநாயே இருக்காது. பிறகு பல் எங்கிருந்து வரும்?

"ஓநாய் கடிச்சது மந்திரம்தான்," என்றாள்.

ராய்ஸ் நாற்காலியைப் பின்னால் தள்ளினான்.

"உக்காருடா. வௌவால் கடிச்சதும் மந்திரம்தான். தப்பாத் தீர்ப்புச் சொன்னது நான். உன் போர்வை அதத் தடுத்திருச்சு. நீ சாகல. பயத்துல மயங்கி விழுந்துட்ட."

"நான் ஒண்ணும் பயப்படல."

"சரி, தலைய இடிச்சுக்கிட்ட."

ராய்ஸ் நின்றபடியே கேட்டான். "இப்ப எங்க கிடக்கேன்?"

"இவன் உன்னப் புதைச்ச இடத்துலதான். இதே குகை, கல்லுக் குவியலுக்கு அடியில."

டெல்மரின் முகம் சுருங்கியது. செத்த வீரனின் வாளையும் பூட்ஸையும் அன்றே அவனுடைய மந்திரவாதி எடுத்து மாட்டிக்கொண்டிருந்தான்.

"கழட்டு," என்றான் ராய்ஸ்.

"பேயை முடிச்சுட்டுத் தரேனே."

"வாளை இப்பவே குடு. பூட்ஸ் அப்புறம். வெறுங்காலோடயே கல்லைத் தள்ளிட்டு எழுந்திரிக்கிறேன்."

அவன் உட்கார்ந்து, கோட்டுப் பையிலிருந்த பகடைகளை எல்லாம் மேசையில் கொட்டினான்.

"யார் முறை?"