இறக்கத்தில் நின்ற கார்

கார் பேட்டை வாசலில் ஒரு கரும்பலகை மாட்டி, அபராதம் விழுந்தவர்கள் பெயரையெல்லாம் மாசக் கடைசிவரை அதில் எழுதிவைக்க வேண்டும் என்று நகரசபையில் தீர்மானம் கொண்டுவந்தவர் கவுன்சிலர் வெங்கடபதி. அன்று காலை அந்தப் பலகையில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. வெங்கடபதி. இவ்வளவு மணிமணியாக எழுதித் தொலைத்திருக்க வேண்டாம் என்று அவருக்குத் தோன்றியது.

பேட்டையே அவர் போட்ட திட்டம்தான். "காரு வெச்சிருக்கறவன் கடைவாசல்ல நிறுத்திப்போட்டுப் போனா நகரசபைக்கு வருமானம் எங்கிருந்து வரும்?" என்று மேசையைத் தட்டியவர் அவர். வெளியே நிறுத்தினால் அபராதம். ஜனங்கள் முணுமுணுக்கக் கூடாதே என்று அப்பீல் கமிட்டியும் உண்டு. பழுதாகி நின்ற வண்டி என்று கமிட்டி முன்னால் காட்டிவிட்டால் அபராதம் தள்ளுபடி, பெயரும் அழிக்கப்படும். ஒருவருக்கு ஒரே ஒரு அப்பீல்தான். அந்தக் கடைசி வரியை எழுதிய அன்று தம் மூளையை நினைத்துத் தாமே பூரித்துப்போய் இரண்டாவது காபி வாங்கிக் குடித்தார். இந்தச் சட்டத்தை நம்பித்தான் அமீர் ஹம்சா பேட்டையைக் குத்தகைக்கு எடுத்தார்.

பேட்டை நல்ல சமதரை. வெங்கடபதியின் காருக்குச் சமதரை ஆகாது. செல்ஃப் ஸ்டார்ட்டர் செத்து வருஷமாகிவிட்டது. இறக்கத்தில் உருட்டிவிட்டுத்தான் அதைக் கிளப்ப வேண்டும். இதில் வெட்கக்கேடு என்னவென்றால், ஸ்டார்ட்டர் பழுதுபார்ப்பதுதான் அவருடைய பிழைப்பே. 'தொட்டால் கிளம்பும்' என்று பட்டறை வாசலில் பெயின்ட் அடித்து வைத்திருந்தார். ஊரான் வண்டிகள் வரிசையில் நிற்கும்போது சொந்த வண்டிக்கு ஏது நேரம்? காரின் முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றியும் கிளப்பலாம். 'தொட்டால் கிளம்பும்' முதலாளி நடுரோட்டில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஹேண்டில் சுற்றுவதை ஊர் பார்க்க வேண்டுமா? அதனால் கோயமுத்தூரில் எங்கெங்கே இறக்கம் இருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். உடுமலைப்பேட்டையில் மச்சினன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனபோதுகூட, மண்டபத்தைத் தாண்டி வெகுதூரம் போய் ஒரு மேட்டைத் தேடி நிறுத்திவிட்டு, வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்தார். இப்போது அபராதம் விழுந்ததும் கடைவீதியில் அப்படி ஓர் இறக்கத்தில் நிறுத்தியதற்குத்தான்.

"அபராதத்தைக் கட்டிப்போட்டு வாங்க," என்றாள் மனைவி பத்மாவதி.

"கட்டுனாலும் பேரு மாசம் பூரா நிக்குமே அம்மணி."

"அப்ப உள்ளதச் சொல்லுங்க."

"சொன்னா பட்டறைக்கு எவன் வருவான்?"

இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சொந்தச் சட்டத்தையே ஏமாற்றியவன் என்று பெயர் வாங்குவதற்கு, வேலை தெரியாதவன் என்று வாங்கிவிட்டுப் போகலாம் என்று கடைசியில் துணிந்தார்.

விசாரணை நாளில் வீட்டு வாசல் இறக்கத்தில் காரை உருட்டிக் கிளப்பி, நகரசபைக்கு வந்து சேர்ந்தார். கமிட்டியில் வழக்கமாகத் தாம் உட்காரும் நாற்காலியைக் காலியாக விட்டுவிட்டு எதிரே போய் நின்றார். தலைவர் அரங்கசாமிக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது. ஹம்சா எழுந்து, "ஏனுங்க, இவங்களுக்கே விட்டுக்கொடுத்துட்டா நாளைக்கு ஒருத்தரும் பேட்டைக்குள்ள வர மாட்டாங்கங்க. நாங் குத்தகைய எப்படிங்க கட்டுவேன்?" என்றார்.

வெங்கடபதி தொண்டையைச் செருமிக்கொண்டார். "எங் காரு ஸ்டார்ட்டர் வருஷமா வேலை செய்யலீங்க. ஊரு வண்டிக்கெல்லாம் பாக்கறேன், எம்பட வண்டிக்குப் பாக்கலீங்க. பொய் சொல்லலீங்க." காது மடலெல்லாம் சூடாகிவிட்டது. ஆனாலும் சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசாக இருந்தது.

சட்டப்படி எல்லாரும் கீழே இறங்கி வந்து காரைச் சுற்றி நின்றார்கள். வெங்கடபதி உள்ளே உட்கார்ந்து, தம் மானம் போகிற அழகைத் தாமே பார்ப்பதற்குத் தயாராகி, ஸ்டார்ட்டர் குமிழை இழுத்தார்.

கார் ஒரே இழுப்பில் கிளம்பியது.

கூட்டத்தின் ஓரமாக நின்ற பட்டறை மேஸ்திரி ராமுலு பெருமையோடு வந்து ஜன்னலில் குனிந்தான். "காலைல நீங்க குளிக்கப் போனப்ப அம்மணி வரச்சொன்னாங்க. நாலு பேரு முன்னால மொதலாளி தலைகுனியக் கூடாதுன்னு செரி பண்ணிப்போட்டேனுங்க."

வருஷம் முழுக்க அவர் மறைத்தார், ஊர் நம்பியது. ஒரே ஒரு நாள் உண்மையைச் சொன்னார், ஒருவரும் நம்பவில்லை. சொந்தப் பட்டறை ஆளின் சாட்சியும் எடுபடவில்லை. அப்பீல் தள்ளுபடி. "இதுக்குப் பேசாம அபராதத்தையே கட்டியிருக்கலாமுங்க," என்றார் அரங்கசாமி. வெங்கடபதிக்கு அழுகை வந்தது. கவுன்சிலர் என்பதால் அழவில்லை.

நேராகப் பேட்டைக்குப் போய் அபராதத்தைக் கட்டினார். இதையும் அனுபவித்துவிடலாம் என்று காரை முதல் தடவையாக உள்ளே சமதரையில் நிறுத்திவிட்டுக் கடைவீதிக்கு நடந்தார். திரும்பி வந்து குமிழை இழுத்தார். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி இழுத்தார். அந்தச் சத்தமும் இல்லை. ராமுலு அவரிடம் தொழில் படித்தவன்.

ஹம்சா பக்கத்தில் வந்து கொஞ்ச நேரம் பார்த்தார். முகம் மாறியது. "அப்ப நீங்க சொன்னது நெசந்தானுங்களா?"

"நெசந்தானுங்க பாய்."

"அடடா, நாந் தப்பா நெனச்சுப்போட்டேனுங்க. இன்னொருக்கா அப்பீல் போடுங்க, நானே வந்து சாட்சி சொல்றேனுங்க."

"இன்னொருக்கா கெடையாதுங்க. சட்டம் அப்படி."

"இதென்ன அநியாயமுங்க! எந்தப் புண்ணியவானுங்க அப்படி எழுதுனது?"

வெங்கடபதி கியரைப் போட்டு, கிளச்சை மிதித்துக்கொண்டார்.

"தள்ளுங்க பாய்," என்றார்.