பனி விலகுது!

மோட்டார் பெட்டியில் பச்சை விளக்கு மினுக்கியது.

ஜெயசுதாவின் கையிலிருந்த டீத் தூக்கு நழுவி விழுந்தது. கிணற்றுக்குள், மார்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு மோட்டார் ஒயரை இரண்டு கையாலும் பிடித்திருந்தான் அவள் புருஷன் வெற்றிவேல். ஒட்டியிருந்த டேப்பை உரித்து, செம்புக் கம்பியை வெறுங்கையால் முறுக்கிக்கொண்டிருந்தான்.

அவன் இறங்கும்போதே சொன்னாள். "பொட்டிய அணைச்சிட்டு எறங்கு மாமா."

"இன்னாத்த அணைக்கிறது? இன்னிக்கு ஷட்டவுன் புள்ள. சாய்ங்காலம் வரைக்கும் ஊருக்கே கரண்ட் இல்ல. பாரு, பொட்டியும் செத்துக் கெடக்குது."

பெட்டி இருட்டாகத்தான் இருந்தது. அவளும் நம்பிவிட்டாள்.

பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தும் நாளில்தான் கல்வராயன் மலையடிவாரத்தில் கிணற்று வேலை எல்லாம் நடக்கும். அவன் அப்பன் காலத்திலிருந்தே அப்படி. அன்றைக்கு எந்த மோட்டாரையும் பயமில்லாமல் தொடலாம்.

ஆனால், போன மாதம் அரசாங்க மானியத்தில் வந்த இந்த மோட்டாருக்குக் கம்பத்துக் கரண்டே கிடையாது. மேட்டில் நிற்கும் பேனல்களில் விழும் சூரியன்தான் கரண்ட். மார்கழிப் பனி மூடியிருந்தவரை பெட்டி தூங்கியது. இப்போது பனி விலகுகிறது!

பச்சை மினுக்கினால் பேனல் விழித்துக்கொண்டது என்று அர்த்தம். மினுக்கல் நின்று நிலையாக எரிந்தால் யாரும் சுவிட்சைத் தொட வேண்டாம், மோட்டார் தானாக ஓடத் தொடங்கும், ஒயரில் கரண்ட் பாயும். தினமும் பார்க்கிறாள்.

"மாமா! மேல வா! ஒயர வுடு!"

பக்கத்துக் கொல்லையில் இருசப்பனின் டீசல் எஞ்சின் தடதடத்தது. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. மண்ணாங்கட்டியை எடுத்து வீசினாள். அவனருகே தண்ணீரில் விழுந்தது. நிமிர்ந்தான், சிரித்தான், 'இரு, வந்துட்டேன்' என்று கையை ஆட்டிவிட்டு மறுபடி கம்பியைப் பிடித்தான்.

படியில் இறங்கி ஓடினால்? பாசிப் படி. அவள் பாதி இறங்குவதற்குள் விளக்கு நிலைத்துவிடும்.

பெட்டிக்கு ஓடினாள். பூட்டு. திருட்டுக்குப் பயந்து பூட்டிய பூட்டு. சாவி அவன் அரைஞாணில், தண்ணீருக்குள்.

கிழக்கே, பனையின் தலைக்கு மேல், வெள்ளித் தட்டாகத் தெரிந்த சூரியன் மஞ்சளாக மாறியது. அவள் நிழல் தரையில் விழுந்தது. முதலில் மங்கலாக. அப்புறம் பளிச்சென்று.

நிழல்! பேனல் மேல் வெயில் படாமல் செய்துவிட்டால்?

இரண்டு தாங்கிகள், இரண்டிலும் வரிசையாகப் பேனல்கள். காலையில் கிழக்கே, மாலையில் மேற்கே திருப்பி வைப்பது அவள் வேலை. பேனல் போட வந்தவர்கள் இதையெல்லாம் சொல்லிக்கொடுத்த அன்று வெற்றிவேல் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போயிருந்தான்.

முதல் தாங்கியின் கொண்டியை உருவிக் கைப்பிடியைச் சுற்றினாள். பேனல்கள் முனகிக்கொண்டே மேற்கே, மலைப்பக்கம் சாய்ந்தன. திரும்பிப் பார்த்தாள். பச்சை இன்னும் மினுக்கியது.

இரண்டாவது தாங்கி. கொண்டி வரவில்லை. இழுத்தாள். பனி ஈரத்தில் விரல் வழுக்கியது. கல்லை எடுத்து ஓங்கிக் குத்தினாள். நகம் பெயர்ந்தது. இன்னொரு குத்து. கொண்டி தெறித்தது. உடம்பையே கைப்பிடி மேல் போட்டுச் சுற்றினாள். வெயில் பேனலின் முதுகில் விழுந்தது.

மினுக்கல் நின்றது.

நிலைத்துவிட்டதா? அணைந்துவிட்டதா? பார்க்கத் தைரியம் வரவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். எஞ்சின் சத்தத்துக்கு நடுவே ஓர் அலறலுக்காகக் காது காத்திருந்தது.

"இன்னா புள்ள, மண்ணாங்கட்டியால அடிக்கிற? அவ்ளோ கோவமா எம்மேல?"

கண்ணைத் திறந்தாள். ஈர லுங்கியோடு கிணற்று மேட்டில் ஏறி நின்றான். பெட்டி இருட்டாக இருந்தது.

"காலங்காத்தால பேனலை மேற்கால திருப்பிக்கினு நிக்கிற? மலைக்கு மொகம் காட்டுறியா?"

அவள் கிட்டே ஓடினாள். அவன் இடுப்பிலிருந்து சாவியைப் பிடுங்கினாள். பூட்டைத் திறந்தாள். சுவிட்சைத் திருகி அணைத்த பிறகுதான் வாய் வந்தது.

"பச்ச வந்துடுச்சு மாமா. நீ கம்பியப் புடிச்சிக்கினு இருந்தப்ப."

"கரண்ட்தான் இல்லியே…" என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். பெட்டியைப் பார்த்தான். வெயிலைப் பார்த்தான். தன் உள்ளங்கைகளைப் பார்த்தான். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

"சுதா…"

"இன்னா?"

"கீழக்கொல்ல தங்கமணி அண்ணனுக்கும் இதே மோட்டார்தானே?"

"ஆமா. போன வாரம் மாட்டுனாங்க. ஏன்?"

"நேத்து டீக்கடையில சொல்லிக்கினு இருந்தாரு. ஷட்டவுன்தானே, நானும் நாளைக்குக் கெணத்துல எறங்கிடறேன்னு."

கிழக்கே ஒரு பொட்டுப் பனி இல்லை. வெற்றிவேல் மேட்டில் வைத்திருந்த போனை எடுத்துத் தங்கமணிக்குப் போட்டான். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

யாரும் எடுக்கவில்லை.

இருவரும் கீழக்கொல்லையை நோக்கி வரப்பில் விழுந்தடித்து ஓடினார்கள்.