ஒரு லட்சத்தின் காரணிகள்

ஒரு லட்சம் ஆசாரமான எண். இரண்டையும் ஐந்தையும் தவிர வேறு எந்தப் பகா எண்ணையும் வீட்டுக்குள் சேர்க்காது. மூன்று, ஏழு, பதினொன்று எல்லாம் வாசலோடு சரி. டியூஷன் பிள்ளைகளுக்கு இதை நான் வருஷாவருஷம் சொல்லித் தருகிறேன். போன மாதம் சாவித்ரி மாமி எனக்கே சொல்லித் தந்தார்.

கரமனையில் எங்கள் தெருவில் நவராத்திரிக்கு லட்சார்ச்சனை உண்டு. பத்து மாமிகள் வரிசையாக உட்கார்ந்து ஆளுக்குப் பத்து முறை சகஸ்ரநாமம் சொல்வார்கள். ஆயிரம் நாமம் நூறு முறை, ஆக லட்சம். ஏற்பாடெல்லாம் சாவித்ரி மாமி. அந்த வரிசையில் நானும் உட்கார வேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை. பக்தி இல்லாமல் இல்லை. ஆனால் அதே தெருவில் மாடியில் வாடகைக்கு இருந்துகொண்டு, வள்ளியூர்க்காரி என்று வருஷாவருஷம் சுண்டலை மட்டும் வாங்கிக்கொண்டு வருவது எனக்குப் பிடிக்கவில்லை. கிழக்கேகோட்டை பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் சொல்லிச் சொல்லியே ஆயிரம் நாமத்தையும் மனப்பாடம் பண்ணிவிட்டு, போய்க் கேட்டேன்.

மாமி நிஜமாகவே வருத்தப்பட்டார். "சந்தோஷமா சேத்துப்பேன் சுஜா. ஆனா பதினோரு பேர்னா நூறு சமமா பிரியாதே! ஒண்ணும் நெனச்சுக்காதே, கேட்டோ."

கணக்கு டீச்சரிடம் கணக்கைக் காட்டினால் அவள் என்ன பேசுவாள்? மாடியேறி வந்துவிட்டேன். மாமி மேல் கோபமே வரவில்லை. பதினொன்றின் மேல்தான் வந்தது.

அர்ச்சனை நெருங்கும்போது ஒரு மாமி, மகள் பிரசவத்துக்கென்று பெங்களூர் கிளம்பிவிட்டார். மிச்சம் ஒன்பது பேர். ஒன்பதுக்கும் லட்சத்துக்கும் ஆகவே ஆகாது. என்னைச் சேர்த்தால் பத்து. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று பட்டுப்புடவையை எடுத்து இஸ்திரி போட்டு வைத்துவிட்டுத்தான் மாமி வீட்டுக்குப் போனேன்.

"அதுவா? ஆளுக்குப் பதினோரு தடவை சொல்றதா பேசிண்டுட்டோம்," என்றார் மாமி. "தொண்ணூத்தொம்பது ஆயிடும். மீதி ஒண்ணுதானே, அதை நானே சொல்லிடறேன்."

"பதினோரு பேரு ஆளுக்கு ஒம்பது தடவ சொன்னாலும் மீதி ஒண்ணுதான மாமி வரும்?"

மாமி மனசுக்குள் வகுத்துப் பார்த்தார். விடை சரியாகத்தான் வந்திருக்க வேண்டும்.

"காபி சாப்பிடறயா?" என்றார்.

சாப்பிட்டேன். நல்ல காபி. அவமானமாக இருந்தது.

நவராத்திரி முதல் நாள் காலை எங்கள் மாடியில் விளக்கேற்றிவிட்டு, பட்டுப்புடவையோடு உட்கார்ந்தேன். கீழே மைக்கில் மாமிகள் தொடங்கியிருந்தார்கள். கடைக்குக் கிளம்பிய என் வீட்டுக்காரர் தங்கபாண்டி எட்டிப் பார்த்தார்.

"ஏ பிள்ள, நூறையும் ஒத்தைக்கா சொல்லப் போற?"

"ஆமா."

"கணக்கு ஒத்து வருமா?"

"ஒண்ணால வகுத்தா எதுலயும் மீதி வராது," என்றேன். முதல் நாமத்தைச் சத்தமாகவே சொன்னேன்.