கோவளத்தில் சொன்ன பதில்

குணசேகரனுக்கு அந்த அறை கிடைத்தது ஒரு ஜெர்மன்காரரின் வயிற்றுக் கோளாறால். அம்பத்தூர் எஸ்டேட்டில் அவன் வேலை பார்த்த கம்பெனிக்குப் புது பிரஸ் மிஷின் பூட்டிக்கொடுக்க வந்திருந்தார் அந்த இன்ஜினீயர். வேலை முடிந்ததும் சனி, ஞாயிறு தங்கிவிட்டுப் போகட்டும் என்று கோவளத்தில் கடலை ஒட்டிய ஓர் ஓட்டலில் அவருக்கு அறை எடுத்திருந்தார்கள். நம்மூர்ச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் அவர் வெள்ளிக்கிழமையே விமானம் ஏறிவிட்டார்.

மேனேஜர் வீரராகவன் குணசேகரனைக் கூப்பிட்டார்.

"ரூம் சும்மாத்தான் கிடக்கப்போறது. இந்த மிஷின் வந்ததிலேர்ந்து நீ ஒரு ஞாயித்துக்கிழமைகூட வீட்டுல இல்லே. பெண்டாட்டியைக் கூட்டிண்டு போயிட்டு வாப்பா."

பூந்தமல்லியில் அவர்கள் குடியிருந்த வீட்டுக்கு வந்து அவன் சொன்னபோது, லோகநாயகி மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். வாசுகிக்கு ஒன்பது வயது. நடக்க வராது, பேச்சு வராது. தாடையைக் கையால் தாங்கிப் பிடித்து, மசித்த சோற்றை நாக்கின் பின்பக்கமாக வைத்தால்தான் விழுங்குவாள். ஒரு வேளைச் சோற்றுக்கு ஒரு மணி நேரம் ஆகும்.

"இவள இட்டுகினு அவ்ளோ தூரம் பஸ்ல எப்பிடிப் போறது?" என்றாள் லோகநாயகி. "நீ மட்டும் போய்ட்டு வா."

சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த அஷ்ரஃபுன்னிசாவுக்கு அது கேட்டுவிட்டது. அவள் புருஷன் ஷவுகத் அலி டாக்சி ஓட்டுகிறவர். வாசுகி பிறந்த நாளிலிருந்து அந்த வீட்டிலும் வளர்ந்தவள்.

"புள்ளைய என்கிட்ட வுடு," என்று வாசலிலேயே நின்று சொன்னாள் அவள். "எனக்கு ஊட்டத் தெரியாதா? கல்யாணம் ஆயி எங்கனா போயிருப்பீங்களா ரெண்டு பேரும்? திருப்பதிகூட தனித்தனியாத்தானே போனீங்க."

லோகநாயகி கிளம்பினாள். தெருமுனை வரை திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் போக முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

பஸ் மாறி மாறிக் கோவளம் போய்ச் சேர மதியமாகிவிட்டது. ஓட்டல் என்று பெயர்ப் பலகை இருந்ததே தவிர, பார்த்தால் பெரிய வீடு போலத்தான் இருந்தது. ஆறே அறைகள். சிவப்புச் சிமெண்டுத் தரை, மூங்கில் நாற்காலிகள், ஜன்னலில் வெள்ளைத் திரை. திரையை ஒதுக்கினால் சவுக்குமரங்கள், அதற்கப்பால் கடல். ஓட்டலை நடத்துகிற அன்னம்மாள் தானே வந்து இளநீர் வெட்டிக் கொடுத்தாள். ஐம்பதை எட்டிக்கொண்டிருந்த, கணீரென்ற குரல்காரி. புருஷன் கப்பலில் வேலை பார்த்துக் கட்டிய வீடாம். அவர் போன பிறகு அவள்தான் அதை ஓட்டலாக்கி நடத்துகிறாள்.

குணசேகரன் பையை உள்ளே கொண்டுபோனான். அன்னம்மாள் லோகநாயகியைப் பார்த்துச் சிரித்தாள்.

"ரெண்டு பேருதானா? புள்ளைங்க இல்லியா?"

லோகநாயகிக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. பஸ்ஸில், கோயிலில், ரேஷன் கடையில், கல்யாண வீட்டில், எங்கேயும் இதுதான் முதல் கேள்வி. ஒரு பெண் என்று சொன்னால் எத்தனாம் வகுப்பு என்பார்கள். பள்ளிக்கூடம் போகவில்லை என்றால் ஏன் என்பார்கள். அப்புறம் எந்த ஆஸ்பத்திரியில் காட்டினாய், எந்தச் சாமிக்கு வேண்டிக்கொண்டாய், உங்கள் பக்கத்திலா அவர் பக்கத்திலா யாருக்காவது இப்படி இருந்ததா என்று நீளும். கடைசியில் ஓர் உச்சுக்கொட்டல். அந்த உச்சுக்கொட்டலை வாங்கிக்கொண்டுதான் அவள் எந்த இடத்திலும் உட்கார முடிந்திருக்கிறது.

"இல்லீங்க," என்றாள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. அதற்குள் அன்னம்மாளின் முகம் மாறிவிட்டது. அவள் கையை நீட்டி லோகநாயகியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கும் இல்லமா," என்றாள்.

அந்தச் சாயங்காலம் லோகநாயகி கடலில் இறங்கினாள். அலை வந்து புடவையை முழங்கால் வரை நனைத்தபோது வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனையோ வருஷமாகிறது என்று குணசேகரன் நினைத்தான். அவள் கையைப் பிடித்து இழுத்து இன்னும் கொஞ்சம் ஆழத்துக்குக் கூட்டிப்போனான். மேலே வந்து வெந்நீரில் குளித்தாள். சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டாள். சங்கரா மீனை முள் எடுத்துத் தனக்குத்தானே ஊட்டிக்கொள்வது அவளுக்கே விநோதமாக இருந்தது. சாப்பிட்டு முடித்து, விரல்கள் காயும்வரை வெறுமனே உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

குணசேகரன் சவுக்குத் தோப்புப் பக்கம் நடக்கப் போயிருந்தபோது அன்னம்மாள் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஊர்ல சீமந்தம்னா என்னைக் கூப்புட மாட்டாங்க," என்றாள். "கூப்புட்டாலும் வளையல் போட வுட மாட்டாங்க. எங்க அவரு ஒரு தபா கப்பல்லேர்ந்து வரச்சொல்ல ஒரு பொம்மை வாங்கியாந்தாரு. படுக்க வச்சா கண்ண மூடிக்கும், பாரு, அந்த மாதிரி. எதுக்குயா வாங்கியாந்தேனு கேட்டேன். யாருக்கு வேணா குடுத்துடுனாரு. யாருக்கும் குடுக்கல. இது வரைக்கும் யார்கிட்டயும் இத்தச் சொன்னதும் இல்ல. உன்கிட்ட சொல்லணும்னு தோணிச்சு. உனக்குத்தான் தெரியும்."

லோகநாயகி தலையை ஆட்டினாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் இந்தப் பொம்பளையின் முகம் என்னவாகும் என்று பயந்து, "தெரியும்கா," என்று இன்னொரு பொய்யும் சொன்னாள்.

மறுநாள் காலையில் அவள் எழுந்தபோது குணசேகரன் அறையில் இல்லை. முன்னறையில் டெலிபோனில் பேசிவிட்டுச் சிரித்த முகத்தோடு வந்தான்.

"டாக்சி ஸ்டாண்டுக்குப் போன் போட்டேன். ஷவுகத் பாய் கெடைச்சாரு. பாப்பா நல்லாத்தான் கீதாம், சாப்ட்டிச்சாம். ஆனா வாசப் பக்கமே திரும்பித் திரும்பிப் பாக்குதுன்னாரு. எனக்கு மனசு கேக்கல லோகா. இட்டுகினு வந்துடுங்கனு சொல்லிட்டேன். அஷ்ரஃப் அக்காவும் வருது. பாப்பா கடலே பாத்ததில்ல இல்ல?"

லோகநாயகிக்கு, மகள் வருகிறாள் என்று கேட்டதும் முதலில் வந்தது சந்தோஷம் அல்ல, பயம். அதை உணர்ந்ததும் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"வோணாங்க. நாமே ஊட்டுக்குப் போய்டலாம். இப்பவே கிளம்பலாம்."

"இன்னா ஆச்சு உனக்கு? வண்டி கிளம்பிடுச்சு."

காரணத்தை அவனிடமும் சொல்ல முடியவில்லை. அன்னம்மாளைத் தேடிச் சமையலறை வாசல் வரை இரண்டு முறை போனாள். முதல் முறை அன்னம்மாள் மீன்காரியோடு பேரம் பேசிக்கொண்டிருந்தாள். இரண்டாம் முறை தனியாகத்தான் இருந்தாள். "வா வா, காபி குடிக்கிறியா?" என்று கேட்டு, டம்ளரைச் சேலை நுனியால் துடைத்துக் கொடுத்தாள். லோகநாயகி காபியைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

பகல் ஏறும்போது ஷவுகத் அலியின் அம்பாசிடர் மணலை அரைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றது. குணசேகரன் கடைக்குப் போயிருந்தான். சத்தம் கேட்டு அன்னம்மாள் முன்னால் வந்தாள். லோகநாயகி அவளுக்குப் பின்னால் தூணோரம் நின்றாள். அஷ்ரஃபுன்னிசா பின் கதவைத் திறந்து வாசுகியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். பிள்ளைக்கு மஞ்சள் கவுன் போட்டு, இரட்டைச் சடை பின்னி, ரிப்பன் கட்டியிருந்தாள். வழியெல்லாம் எச்சில் வழிந்து கவுனின் முன்பக்கம் நனைந்திருந்தது.

"வாமா. உங்க பொண்ணா?" என்று கேட்டாள் அன்னம்மாள்.

அஷ்ரஃபுன்னிசா தூணோரம் நின்ற லோகநாயகியைப் பார்த்தாள். அவள் வந்து பிள்ளையை வாங்கிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தாள். லோகநாயகியின் கால் நகரவில்லை. ஆமாம், என் பெண்தான் என்று அஷ்ரஃபுன்னிசாவே சொல்லிவிடக் கூடாதா என்று, ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம், லோகநாயகி நினைத்தாள்.

வாசுகிதான் தலையைத் திருப்பினாள். கழுத்து ஒரு பக்கம் சாய, மடங்கிய கையை முடிந்தவரை நீட்டி, "ம்மே... ம்மே..." என்று உடம்பெல்லாம் துள்ளக் கத்தினாள். அவளுக்கு வரும் ஒரே சத்தம் அது. அந்தச் சத்தத்தை அவள் ஒருத்தியைப் பார்த்துத்தான் போடுவாள்.

லோகநாயகி ஓடிப்போய் வாங்கிக்கொண்டாள்.

"என் பொண்ணுதாங்க," என்றாள். யாரையும் பார்க்காமல் பிள்ளையின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள். "நேத்து உங்ககிட்ட பொய் சொன்னேன்."

அன்னம்மாள் அவளைப் பார்த்தாள். பிறகு வாசுகியைப் பார்த்தாள். "வெயில்ல நிக்காதீங்க, உள்ள வாங்க," என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

மகளை அஷ்ரஃபுன்னிசாவிடம் மறுபடி கொடுத்துவிட்டு லோகநாயகி பின்னாலேயே போனாள். அன்னம்மாள் அடுப்பைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

"அக்கா, எல்லாரும் கேக்கற கேள்விக்குப் பயந்துகினு சொல்லிட்டேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் யாரும் என்னப் பாத்து ஐயோனு சொல்லாம இருந்தா தேவலைனு... வேணும்னு சொல்லல."

"பொய் சொன்னேன்னு எனக்குக் கோவம் இல்ல," என்றாள் அன்னம்மாள். திரும்பவில்லை. "வர்றவங்க ஆயிரம் பொய் சொல்றாங்க. நானா கேக்கறேன்? ஆனா நேத்து எனக்கு ஒரு தொணை கெடைச்சிச்சினு நெனைச்சிகினு படுத்தேன்மா. மனசுல கெடந்த பொம்மைய வேற எடுத்து உன் முன்னாடி வச்சேன். அதான் வெக்கமா கீது."

லோகநாயகிக்கு அழக்கூட உரிமை இல்லை போலிருந்தது. நின்றாள்.

"கொழந்த இன்னா சாப்புடும்?" என்று கேட்டாள் அன்னம்மாள், இன்னும் அடுப்பைப் பார்த்தபடியே.

"சோறு மசிச்சுக் குடுக்கணும். பருப்பு ஊத்தி."

"காரம் போடாம தனியா வைக்கிறேன். போ."

கடையிலிருந்து திரும்பிய குணசேகரனிடம் லோகநாயகி எல்லாவற்றையும் சொன்னாள். மணலில் உட்கார்ந்திருந்தார்கள். வாசுகி அவன் மடியில் சாய்ந்து, அலைச் சத்தம் வரும் பக்கமெல்லாம் கண்ணை உருட்டிக்கொண்டிருந்தாள். அவன் திட்டுவான் என்று நினைத்தாள். திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவன் மகளின் கவுனிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"நல்லா இருந்திச்சா?" என்றான் கடைசியில். குத்திக் காட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். "நேத்து. புள்ள இல்லாதவளா இருந்தது."

பொய் சொல்ல இனி அவளுக்குத் தெம்பில்லை.

"இருந்திச்சு," என்றாள். "கடல்ல நிக்கச்சொல்ல எனக்கு இவ ஞாபகமே வரல. சாப்டும்போதும் வரல. ஞாபகம் வரலியேனுகூட நெனைக்கல. அதான்யா தாங்கல எனக்கு."

அவன் அவள் பக்கம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான்.

வெயில் தாழ்ந்ததும் அன்னம்மாள் ஒரு பழைய லாரி டியூபை உருட்டிக்கொண்டு வந்தாள். சமையல் செய்யும் துலுக்கானம் அதற்குக் காற்றடித்து, நடுவில் மீன்வலைத் துண்டை இறுக்கிக் கட்டித் தொட்டில் மாதிரி ஆக்கியிருந்தான். வெள்ளைக்காரர்கள் பிள்ளைகளை அதில் வைத்து விளையாட்டுக் காட்டுவார்களாம்.

"இதுல வச்சா வுழாது. தலைய மட்டும் யாராச்சும் தாங்கிக்கோங்க," என்றாள் குணசேகரனிடம்.

கணுக்கால் தண்ணீரில் டியூபை வைத்து, வாசுகியை அதில் சாய்த்தார்கள். குணசேகரன் தலையைத் தாங்கினான். ஒரு பக்கம் அன்னம்மாள் பிடித்தாள், மறுபக்கம் லோகநாயகி பிடித்தாள். முதல் அலை அடியில் புகுந்து டியூபைத் தூக்கியபோது வாசுகி மூச்சை உள்ளிழுத்து அப்படியே விறைத்தாள். பயந்துவிட்டாள் என்று லோகநாயகி தூக்கப் போனாள். அலை திரும்பியது. டியூப் இறங்கியது. வாசுகி வாயெல்லாம் திறந்து, விக்கி விக்கிச் சிரித்தாள். அடுத்த அலைக்கு முன்னாலேயே சிரிக்கத் தொடங்கினாள். கரையில் நின்ற ஷவுகத் அலி கை தட்டினார்.

"பேரு இன்னா உனக்கு?" என்று அன்னம்மாள் குனிந்து பிள்ளையைக் கேட்டாள்.

"வாசுகி," என்றாள் லோகநாயகி.

அன்னம்மாள் அவள் பக்கம் பார்க்கவில்லை. "வாசுகி, வாசுகி, இதோ வருது பாரு, பெரிசா வருது பாரு," என்று பிள்ளையிடமே பேசிக்கொண்டிருந்தாள். அன்று கிளம்பும்வரையில் லோகநாயகியிடம் அவள் பேசியது, பிள்ளைக்கு ஈரத்தலையைத் துவட்டச் சொல்லித் துண்டு கொடுத்ததுதான். மறுபடி வா என்று சொல்லவில்லை. லோகநாயகியும் எதிர்பார்க்கவில்லை. வாசுகியின் கன்னத்தை மட்டும் தொட்டு, விரலைத் தன் உதட்டில் வைத்துக்கொண்டு அன்னம்மாள் உள்ளே போனாள்.

இன்னும் ஓர் இரவு அந்த அறை அவர்களுடையதாக இருந்தும், எல்லாரும் அம்பாசிடரிலேயே ஊருக்குத் திரும்பினார்கள். முன்னால் ஆண்கள் இருவரும் மிஷினைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். பின்னால் வாசுகி அம்மாவின் மடியில் தூங்கினாள்.

"நீ தூணாண்ட நின்னத நான் பாத்தேன்," என்று அஷ்ரஃபுன்னிசா மெதுவாகச் சொன்னாள்.

லோகநாயகி தலைகுனிந்தாள். "பாவிக்கா நான்."

"பாவியோ புண்ணியவதியோ, அல்லாவுக்குத்தான் தெரியும். நீ அலுத்துப் போயிருக்கே, அது எனக்குத் தெரியும்." அவள் வாசுகியின் காலைத் தன் மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டாள். "இன்னொரு தபா எங்கனா போவணும்னாலும் போ. புள்ளைய நான் பாத்துக்கறேன். ஆனா, ஊட்ல ஒரு பொண்ணு கீதுனு சொல்லிட்டு அப்புறமா கடல்ல எறங்கு."

லோகநாயகிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அசைவில் வாசுகி லேசாக முனகினாள். லோகநாயகி அவள் தலையைச் சரியாகத் தோளில் ஏந்திக்கொண்டு, போரூர் தாண்டி, குமணன்சாவடி தாண்டி, வீடு வரும்வரை கை மரத்துப்போனதைக்கூட மாற்றிக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தாள்.