வாஷிங் மெஷினை நீக்க வேண்டும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எழுதச் சொன்னவன் சிங்கி இறால் பிடிக்கிற எட்னல். எங்கள் ஆண்ட்ரோஸ் தீவில் எழுதத் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான் என்று அவனுக்கு ஒரு மூடநம்பிக்கை. படகிலிருந்து நேராக வந்து, ஈரம் சொட்டச் சொட்ட என் நல்ல நாற்காலியில் உட்கார்ந்தான்.

"ரால்ஸ்டன் விமானம் எங்க கெடக்குன்னு எனக்குத் தெரியும், எழுத்தாளரே."

எனக்குக் காபி புரையேறிவிட்டது. ரால்ஸ்டன் எங்கள் ஊர் விமானி. மயாமியிலிருந்து சின்ன விமானத்தில் தனியாகக் கிளம்பியவன் வந்து சேரவே இல்லை. அன்றுமுதல் தொலைக்காட்சிக்காரர்கள் வருஷம் தவறாமல் வருகிறார்கள். பெர்முடா முக்கோணம், பச்சை மேகம், வேற்றுலக வாசல் என்று ஏதேதோ சொல்லி, ரால்ஸ்டன் மனைவி வெர்னிட்டாவைக் கடற்கரையில் நிறுத்தி அடிவானத்தைப் பார்க்கச் சொல்கிறார்கள். அவள் ரொட்டிக்கடைக்காரி. அடுப்பில் ரொட்டியை வைத்துவிட்டு அடிவானத்தைப் பார்க்க அவளால் ஆகாது.

"எங்க கெடக்கு?" என்றேன்.

"அதச் சொல்ல மாட்டேன். எறால் கெடைக்கிற எடத்த இந்தத் தீவுல எவனாவது வாயத் தொறந்து சொல்லியிருக்கானா? பெத்த தாய்க்கே சொல்ல மாட்டோம். அந்த விமானம் சும்மா பங்களா மாதிரிய்யா! உள்ள பூரா எறாலு, பின்னாடி கெடக்கற வாஷிங் மெஷினுக்குள்ளகூட. மேல ரெண்டு தகரத்தப் போட்டு மூடிவச்சிருக்கேன்."

"பின்ன எதுக்குடா எங்கிட்ட வந்த?"

எட்னல் தொப்பியைக் கழற்றிக் கையில் பிசைந்தான். "வெர்னிட்டாவக் கட்டிக்கணும். கேட்டேன். 'மாய வாசலாவது மண்ணாங்கட்டியாவது. ஆனா அந்த ஆளு செத்துட்டாருங்கறதுக்கு ஆதாரம் எங்க? உன்னக் கட்டிக்கிட்ட மறுநாளே கதவத் தட்டி, சோறு எங்கடின்னு கேட்டாருன்னா நான் என்ன பண்ணுவேன்?'னு சொல்லிட்டா."

"அப்ப போய் உண்மையச் சொல்லு."

"எப்பலேருந்து தெரியும்னு கேப்பாளே! கண்டுபிடிச்சப்ப எனக்கு அவமேல ஆசை இல்ல, எறால்மேலதான் ஆசை. இப்ப போய் அதச் சொன்னா செருப்பாலயே அடிப்பா. நீ கதையா எழுதிடு. யாரோ ஒருத்தன் பாத்தான்னு எழுது. அவ படிச்சா புரிஞ்சுக்குவா. நெசமா அங்க இருக்கற சாமான் எதையும் போட்ராத."

வாசல்வரை போனவன் திரும்பினான். "ஒண்ணு மட்டும் சொல்றேன். அவ புருஷன் கெடந்த எடத்துல புடிச்சத அவளுக்கு ஒருநாளும் குடுத்ததில்ல. அது ஓட்டலுக்குப் போயிடும். அவளுக்குன்னா வடக்கு முனைக்குப் போய் வேற புடிப்பேன்."

நான் கேட்கவே இல்லை, அவனாகச் சொன்னான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2

முதல் முயற்சி: "அன்று மாலை கடலின்மேல் ஒரு பச்சை மேகம்

நிறுத்திவிட்டேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் தலைக்குமேல் தினமும் எத்தனையோ விமானங்கள் போகின்றன. போய்ச் சேர்ந்த விமானத்தைப் பற்றி எவனாவது படம் எடுத்திருக்கிறானா? கோடை இடிமழை இங்கே சொல்லாமல் கொள்ளாமல் வரும். கூடவே பழைய இன்ஜின், பாதி நிரம்பிய பெட்ரோல் டாங்கி, ரேடியோவில் வழி கேட்டால் கௌரவம் போய்விடும் என்று நினைக்கிற ஆண்கள்.* இவ்வளவு இருக்கும்போது வேற்றுலகத்தாருக்கு இங்கே என்ன வேலை? அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவர்கள் ஒரு ஓட்டை விமானத்தையும் ரால்ஸ்டனையுமா தூக்கிக்கொண்டு போவார்கள்?

* ரால்ஸ்டன் எனக்கு நண்பன். அவன்கூடப் போய் ஒருமுறை தப்பான தீவில் இறங்கியிருக்கிறேன். கடைசிவரை அது சரியான தீவுதான் என்று வாதாடினான்.

இரண்டாம் முயற்சி: "ஒரு மீனவன் (பெயர் வேண்டாம்) (ஊரும் வேண்டாம்) (மீனவன் என்பதே வேண்டாமோ?)

மூன்றாம் முயற்சி: "வெளியூர்க்காரன் ஒருவன் கடலில் முங்கியபோது மணலில் ஒரு விமானத்தைக் கண்டான். வாலில் இருந்த எழுத்து அழியவில்லை. விமானியின் இருக்கையில் பெல்ட் மாட்டியபடியே இருந்தது. பின்னால் ஒரு வாஷிங் மெஷின். அதன் தொட்டிக்குள் ஒரு கிழட்டுச் சிங்கி இறால், குடியிருக்கும் வீட்டுக்குச் சொந்தக்காரன் மாதிரி உட்கார்ந்திருந்தது." (வாஷிங் மெஷினை நீக்க வேண்டும். எட்னல் திட்டுவான். ஆனால் நல்ல வரி, மனசு வரவில்லை.)

3

மனசு வராததன் பலனைக் கேளுங்கள். மூன்று முயற்சியும் இருந்த அந்தத் தாளை அப்படியே, நடுவில் கிறுக்கியதோடும் அடைப்புக்குறியோடும், வெர்னிட்டாவிடம் கொடுத்துவிட்டேன். கடையில் தேங்காய் ரொட்டி வாசனை தூக்கியது. அவள் கையெல்லாம் மாவு.

"பச்சை மேகமா? மொதல்ல கண்ணு டாக்டரப் போய்ப் பாரு" என்றாள். அடுத்த வரிக்குப் போனாள். "டாங்கியப் பத்தி எழுதினது சரி. நெரப்பவே மாட்டாரு." பிறகு நின்றுவிட்டாள்.

"வாஷிங் மெஷினா?"

"அது சும்மா, தமாஷுக்கு..."

"எனக்கும் அவருக்கும் எப்பப் பாத்தாலும் இதே சண்டதான். துணி தொவச்சு கை போச்சுன்னு நான் கத்துவேன். கனம் தாங்காதுடீ, விமானம் விழுந்துரும்பாரு." மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். "வாங்கிட்டு வந்திருக்காரு பாரு, பாவி மனுஷன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. ரால்ஸ்டன் இனிமேல் வந்து கதவைத் தட்டமாட்டான் என்று அந்தக் கடையில் இருந்த இரண்டு பேருக்குமே அப்போதுதான் உறைத்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு தாளை மறுபடி எடுத்தாள். "இதென்ன, அடைப்புக்குறிக்குள்ள எட்னல்னு போட்டிருக்க?"

எட்னலுக்கு நேரம் பார்த்து வரத் தெரியாது. சாக்கில் இரண்டு பெரிய இறாலோடு, பல்லெல்லாம் தெரிய வாசலில் நின்றான். அவள் தாளைத் தூக்கிக் காட்டினாள். அவன் என்னைப் பார்த்தான். நான் ரொட்டியைப் பார்த்தேன்.

"எவ்வளவு நாளா தெரியும்?"

"ரொம்ப நாளா."

"வாராவாரம் எனக்குக் கொண்டாந்து குடுத்தியே, அதெல்லாம் எங்க புடிச்ச?"

எட்னலுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, அங்க இல்ல வெர்னிட்டா! சத்தியமா இல்ல. உனக்குன்னா வடக்கு முனைக்குப் போவேன்."

"ஆதாரம்?"

4

முடிவு (அ): அவள் இறாலை அவன் தலையில் வீசுகிறாள். எழுதிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது.

முடிவு (ஆ): அவன் அவளைப் படகில் ஏற்றி அந்த இடத்துக்குக் கூட்டிப்போகிறான். அவள் தண்ணீரில் பூப் போடுகிறாள், திரும்பும்போது அவன் தோளில் சாய்ந்து

இல்லை. கேள்விக்கு அவன் இன்னும் பதில் சொல்லவில்லையே. தின்று தீர்த்த இறாலுக்கு எவனால் ஆதாரம் காட்ட முடியும்? மேகத்தை நம்பாதவள், வாசலை நம்பாதவள், வாய் வார்த்தையை மட்டும் நம்பிவிடுவாளா?

நான் சாட்சி சொன்னேன். "நீ கத கட்டுற ஆளு, சும்மா இரு" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள். அப்போதுதான் உங்கள் நினைவு வந்தது. முதல் பகுதியில், அவன் தானாகச் சொன்னபோது நீங்களும் இருந்தீர்கள், இல்லையா? அதைத்தான் அவளிடம் சொன்னேன்.

இப்போது அவள் உங்களைப் பார்க்கிறாள். எட்னலும் உங்களைத்தான் பார்க்கிறான், மூச்சுக்கூட விடாமல். அடுப்பில் ரொட்டி இருக்கிறது, கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.